பல்லி விழுந்த பலன்

நவம்பர் கடைசி வாரம், இரவு இரண்டே கால்.
டார்வின் நகரத்து நைட்கிளிஃபில்
அந்த வருடத்தின் முதல் இடி இறங்கியதும்
வீடு இருண்டது.
எதிர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் விளக்கு எரிந்தது.
அதுதான் எரிச்சல்.

மருதவாணன் கடலுக்குள், எரிவாயு மேடையில்.
இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே.
எது உடைந்தாலும் அவனுடைய அங்கே-வாரம் பார்த்துத்தான் உடையும்.
போன தடவை கழிவறைக் கோப்பைக்குள் பச்சைத் தவளை,
குத்தகைக்கு எடுத்தது போல உட்கார்ந்திருந்தது.
அதற்கு முந்தைய தடவை ஏசி ராத்திரி முழுக்க அழுது
மெத்தையை நனைத்தது.
முகூர்த்தப் புடவையில் பூஞ்சணம்
தன் பங்குக்கு ஒரு சரிகை போட்டிருந்தது.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
வெளிச்சுவரில் ஸ்விட்ச் பெட்டியைத் திறந்தேன்.
மேலே தள்ளினால் கீழே விழுகிறது.
தள்ளுகிறேன்.
விழுகிறது.

அவசர எண்ணில் டரில் என்றொருவர்
கொட்டாவிக்கு நடுவே சொன்னார்:
இந்த நேரத்துக்கு நான் வந்தால் முந்நூற்று எண்பது டாலர்.
வராமல் சொன்னால் இலவசம்.
எல்லாவற்றையும் பிடுங்கு.
ஒவ்வொன்றாய்ச் செருகு.
எதைச் செருகும்போது விழுகிறதோ அதுதான் திருடன்.

பிடுங்கினேன்.
ஒரு வீட்டுக்கு இத்தனை வால் இருப்பது
அன்றைக்குத்தான் தெரிந்தது.

என் சந்தேகம் முழுக்க கிரைண்டர் மேல்.
கோயம்புத்தூரிலிருந்து வந்தது.
பெட்டிக்கு அனுமதித்த இருபத்து மூன்று கிலோவில்
பதினொன்றை அது தின்றதற்காக
சிங்கப்பூர் வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
செருகினேன்.
கல் உருண்டது, பத்தினி மாதிரி.
ஃப்ரிட்ஜ், நிரபராதி. உள்ளே வஞ்சிர மீன் மட்டும் வியர்த்திருந்தது.
வாஷிங் மெஷின் இல்லை.
ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் இல்லை;
தன் தொட்டியில் மூன்று லிட்டர் காற்றைப் பிழிந்து வைத்திருந்தது, பாவம்.
ஒவ்வொரு விசாரணைக்கும் ஒரு முறை
மழைக்குள் ஓடிப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன்.
நைட்டி உடம்போடு ஒட்டி
நானும் ஏதோ ஒரு பழுதான சாமான் போலிருந்தேன்.

கடைசியாய் மிஞ்சியது
செருப்பு அலமாரிக்குப் பின்னால் அழைப்பு மணி.
குடிவந்த வாரம் வாங்கியது. கோயில் மணிச் சத்தம், பறவைச் சத்தம்,
இன்னும் முப்பது சத்தம் உண்டென்று அட்டையில் போட்டிருந்தது.
ஒரு சத்தம்கூட இந்த வருடம் கேட்கவில்லை.
யார் வரப்போகிறார்கள் என்று
நானும் அதைத் துடைப்பதை விட்டிருந்தேன்.

செருகினேன்.
டப்.

திருகாணியைக் கழற்றினால்
அப்பளமாய்க் காய்ந்த ஒரு பழைய பல்லி.
அதன் மேல் புதிதாய் ஒன்று, இன்னும் ஈரம்.
மூலையில் இரண்டு முட்டை,
நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையின்
ஐந்து மில்லிகிராம் மாத்திரை அளவு.

தலையில் விழுந்தால் கலகம்,
தோளில் விழுந்தால் வெற்றி.
சர்க்யூட் போர்டில் விழுந்தால் என்னவென்று
பஞ்சாங்கக்காரர் எழுதவில்லை.

முட்டைகளைக் காலி மாத்திரை டப்பாவில் வைத்தேன்.
மின்சாரம் வந்தது.
தூக்கம் வரவில்லை.
கிரைண்டரிடம் மன்னிப்பாய்
நாலு டம்ளர் அரிசி ஊறப்போட்டேன்.

காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டினார்கள்.
கையால். பலமாக.
பக்கத்து வீட்டு ஸ்டாமாத்தி.
மூன்று வருடமாய் வேலிக்கு மேலே கையசைப்போடு சரி.
மழையில் நான் ஓடியதை ஜன்னல் வழியே எண்ணினாளாம், ஒன்பது முறை.
பிறகு கேட்டாள்,
கோபத்தைப் பல மாதம் ஊறப்போட்ட குரலில்:
செப்டம்பரிலிருந்து உன் மணியை அழுத்துகிறேன்.
உனக்கு மாம்பழம் ஆகாதோ என்று
எல்லாவற்றையும் பழந்தின்னி வௌவாலுக்கு விட்டுவிட்டேன். ஏன் திறக்கவில்லை?

பல்லி என்றேன்.
அவளுக்குப் புரிந்தது.
அவள் வீட்டில் மைக்ரோவேவாம்.

மரத்தின் கடைசி மூன்று பழம் அவள் பையில்.
வௌவால் கடித்ததை வேலி மேல் வைத்துவிட்டு
மற்ற இரண்டையும் வாசலிலேயே நின்று தின்றோம்,
முழங்கை வரை வழிய.

மருதவாணன் வெள்ளிக்கிழமை வந்தான்.
புது மணி வாங்கட்டுமா என்றான்.
பார்க்கலாம் என்றேன்.